எழுபது தாண்டிய அப்பாவின் தரைவீடு: சொத்து வரியில் வயதுக்குச் சலுகை உண்டா?

பொங்கோல் வாணி:

வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் அப்பா பெயரில் ஒரு பழைய வரிசை வீடு இருக்கிறது. மாடி கிடையாது, இடித்துக் கட்டவும் இல்லை. அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. இருவருக்கும் மசேநியிலிருந்து (மத்திய சேமநிதி) மாதா மாதம் வரும் தொகை தவிர வேறு வருமானம் இல்லை. வீட்டின் ஆண்டு மதிப்பு, அதாவது வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கும் என்று வரிக்காக மதிப்பிட்ட தொகை, 45,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2025க்கான சொத்து வரி, தள்ளுபடி போக 1,207 வெள்ளி வந்தது. ஜனவரியில் அதை ஒரே தடவையாகக் கட்டியதில் சேமிப்பில் நன்றாகவே கை வைக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த பில் வருவதற்குள் சில விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள நினைக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர், அவர் ஊரில் 65 வயதானால் வீட்டு வரியில் தனிக் கழிவு உண்டு என்கிறார். இங்கே அப்படி ஏதாவது உண்டா? இல்லையென்றால் தவணையில் கட்ட வழி இருக்கிறதா?

இன்னொன்று. அம்மாவுக்கு முட்டி வலி. இருவரையும் பொங்கோலில் உள்ள எங்கள் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஜூரோங்கில் சொந்தமாகக் கூட்டுரிமை வீடு (காண்டோமினியம்) வைத்திருக்கும் என் தம்பி, "நான் போய் அப்பா வீட்டில் இருக்கிறேன், வேண்டுமானால் வீட்டை என் பெயருக்கே மாற்றிவிடலாம், வரி மிச்சம்" என்கிறான். இதில் வரி எப்படி மாறும்?

---

கணக்குப்பிள்ளை:

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: சிங்கப்பூர் சொத்து வரியில் வயதுக்கு என்று தனி விகிதமோ கழிவோ கிடையாது. 40 வயதுக்காரரும் 80 வயதுக்காரரும் ஒரே ஆண்டு மதிப்புள்ள வீட்டில் குடியிருந்தால் ஒரே வரிதான். மூத்தோருக்கு உண்மையில் கைகொடுப்பது "உரிமையாளரே குடியிருக்கும் வீடு" என்ற தகுதி. உங்கள் கடைசிக் கேள்வி நேராக அதன் அடிவேரில் கை வைக்கிறது. ஆகவே முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

2025 முதல் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் முதல் 12,000க்கு வரி இல்லை. அடுத்த 28,000க்கு 4%, அதற்கடுத்த 10,000க்கு 6%, பிறகு 25,000க்கு 10%. அதற்கு மேல் 14, 20, 26 என்று ஏறி, 1,40,000ஐத் தாண்டிய பகுதிக்கு 32% ஆகிறது. அப்பா வீட்டுக்கு:

முதல் 12,000 : 0
அடுத்த 28,000 x 4% = 1,120
மீதி 5,000 x 6% = 300
மொத்தம் 1,420. அதில் தனியார் வீடுகளுக்கான 15% தள்ளுபடி 213 போக, 1,207. உங்கள் பில் சரி.

2024இல் வரம்புகள் கீழே இருந்தன. வரி இல்லாத பகுதி அப்போது 8,000 மட்டும். இதே 45,000க்கு 1,980 வந்து, 15% தள்ளுபடி போக 1,683 கட்ட வேண்டியிருந்தது. வரம்புகளை உயர்த்தியது உங்கள் பெற்றோரைப் போல வீடு பெரிது, கையில் காசு குறைவு என்று இருப்பவர்களுக்கு நல்லதாகவே அமைந்தது. தள்ளுபடியை மட்டும் நிரந்தரம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அது அந்தந்த ஆண்டுக்கு அறிவிக்கப்படுவது. 2025இல் வீவக வீட்டுக்கு 20%, தனியார் வீட்டுக்கு 15%, அதுவும் 1,000 வெள்ளிக்கு மேற்படாமல். வரவுசெலவு போடும்போது 1,207ஐ எழுதாமல் 1,420ஐ எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, அப்பா அந்த வீட்டை விட்டு வெளியேறினால்? விகிதமே வேறு. உரிமையாளர் குடியிருக்காத குடியிருப்புக்கு வரியில்லாப் பகுதி என்று ஒன்றுமே இல்லை. முதல் வெள்ளியிலிருந்தே 12%. முதல் 30,000க்கு 12% என்றால் 3,600. அடுத்த 15,000க்கு 20% என்றால் 3,000. மொத்தம் 6,600. 2025 தள்ளுபடி உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் என்பதால் இதில் அதுவும் கிடையாது. 1,207க்கும் 6,600க்கும் இடைவெளி 5,393 வெள்ளி. ஆண்டின் நடுவில் மாறினால் மாறிய நாளிலிருந்து கணக்கு. அதாவது மாதத்துக்கு 550 வெள்ளி.

"தம்பி இருப்பானே, வீடு காலி இல்லையே" என்று தோன்றும். தம்பி உரிமையாளர் இல்லை. உரிமையாளர் குடியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பெற்ற பிள்ளை வாடகையே தராமல் இருந்தாலும், அப்பா பெயரில் உள்ள வீட்டில் அப்பா இல்லையென்றால் அது 12% வீடுதான். பூட்டிப் போட்டாலும் அதே 6,600. காலியாக இருந்த காலத்துக்கு வரியைத் திருப்பிக் கேட்கும் வசதி முன்பு இருந்தது. 2014 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

சொல்லாமல் விட்டுவிடலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. குடியிருப்பு நிலை மாறினால் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு உரிமையாளர்தான் தெரிவிக்க வேண்டும். அடையாள அட்டை முகவரி மாறியதும் அது எப்படியும் தெரிய வரும். பிறகு பழைய தேதியிலிருந்து வித்தியாசத்தைச் சேர்த்து பில் வரும். இரண்டு வருடப் பாக்கி ஒரே தாளில் வந்து நிற்பதை விட மோசமான ஜனவரி இல்லை.

---

தேக்கா மணி:

தவணை பற்றி நான் சொல்கிறேன், வாணி.

சொத்து வரி முழு ஆண்டுக்கும் முன்கூட்டியே வசூலிக்கப்படுவது. கடைசி நாள் ஜனவரி 31. அதற்குள் கட்டவும் இல்லை, தவணைக்கும் பதியவில்லை என்றால் 5% அபராதம். அப்புறமும் விட்டால், ஆணையம் வங்கியையோ வாடகைக்காரரையோ வசூல் முகவராக நியமித்து நேரே எடுத்துக்கொள்ளும்.

ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் போட்டால் 12 மாதத் தவணை, வட்டி இல்லை. 1,207 என்றால் மாதம் 100 வெள்ளி 58 காசு. ஒவ்வொரு மாதமும் 6ஆம் தேதி எடுப்பார்கள். அப்பாவுக்கு மசேநிப் பணம் வந்து விழும் தேதி எது என்று பாருங்கள். 6ஆம் தேதிக்கு முந்தைய இரவு கணக்கில் 101 வெள்ளியாவது நிற்க வேண்டும். பணம் இல்லாமல் திரும்பத் திரும்பத் தவறினால் தவணைத் திட்டமே ரத்தாகி மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். மூத்தோர் கணக்குகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: பணம் வேறு கணக்கில் பத்திரமாக இருக்கும், ஜைரோ போட்ட கணக்கு மட்டும் காய்ந்து கிடக்கும்.

பிஓஎஸ்பி, டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி இணைய வங்கியில் போட்டால் உடனே பதிந்துவிடும். தாள் படிவம் என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். டிசம்பரில் பில் கைக்கு வந்த வாரமே செய்துவிட்டால் 12 தவணையும் முழுதாகக் கிடைக்கும். தாமதித்தால் தவணை எண்ணிக்கை குறைந்து மாதத் தொகை ஏறும். ஒரு தடவை பதிந்துவிட்டால் அடுத்த ஆண்டுகளுக்குத் தானாகத் தொடரும்.

24 மாதத் தவணை என்றும் ஒன்று இருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருந்து, கையில் பணப்புழக்கம் இல்லாத ஓய்வு பெற்றவர்களுக்காக வந்தது. வட்டி கிடையாது. தானாக வராது, ஆணையத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தகுதி பார்த்துக் கொடுப்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் வருடம் மாதம் 50 வெள்ளி 29 காசு. இரண்டாம் வருடம் பழைய பில்லின் மீதி 50 வெள்ளி 29 காசு ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பில் வரும். அதையும் 24 மாதத்துக்குப் போட்டால் இன்னொரு 50 வெள்ளி 29 காசு. மொத்தம் 100 வெள்ளி 58 காசு, அதாவது 12 மாதத் தவணையின் அதே தொகை. முதல் வருடத்தில் மூச்சு விட இடம் தரும், அவ்வளவே. மருத்துவச் செலவு, கூரை மாற்றுவது மாதிரி ஒரு வருடம் மட்டும் நெருக்கடி என்றால் சரி. ஒவ்வொரு மாதமுமே பற்றாக்குறை என்றால் இது தீர்வாகாது.

மசேநியிலிருந்து சொத்து வரியை நேரடியாகக் கட்ட முடியாது. இதைப் பலர் கேட்பதால் சொல்கிறேன்.

---

பொங்கோல் வாணி:

நன்றி கணக்குப்பிள்ளை ஐயா, மணி அண்ணே. 6,600 என்பதைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. அப்படியானால் தம்பி சொல்வதுபோல் பெயர் மாற்றிவிட்டால் அவன் உரிமையாளர், அவன் குடியிருக்கிறான், 1,420 தானே? ஜூரோங் வீட்டை அவன் வாடகைக்கு விட்டுக்கொள்வான்.

---

நியூட்டன்காரர்:

வேண்டாம் அம்மா. அதற்கு முன் முத்திரைத் தீர்வையைப் பாருங்கள்.

அன்பளிப்பாகக் கொடுத்தாலும் முத்திரைத் தீர்வை சந்தை விலையின் மேல்தான். வீட்டின் விலை 30 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் தீர்வை: முதல் 1,80,000க்கு 1%, அடுத்த 1,80,000க்கு 2%, அடுத்த 6,40,000க்கு 3%, அடுத்த 5,00,000க்கு 4%, அடுத்த 15,00,000க்கு 5%. கூட்டினால் 1,19,600 வெள்ளி. தம்பிக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருப்பதால் இது இரண்டாவது. சிங்கப்பூர்க் குடிமகனுக்கு இரண்டாவது வீட்டின் கூடுதல் தீர்வை 2023 ஏப்ரல் 27 முதல் 20%. அது 6,00,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 7,19,600.

ஆண்டுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்க ஏழு லட்சம். அந்தப் பணத்தில் 12% விகிதத்திலேயே நூறு வருடத்துக்கு மேல் சொத்து வரி கட்டலாம்.

அதோடு முடியவில்லை. ஒருவருக்கு ஒரு வீட்டுக்குத்தான் குடியிருப்பு விகிதம். தம்பி அங்கே போனால் ஜூரோங் வீடு 12% பக்கம் போய்விடும். குடும்பமாகப் பார்த்தால் சுமை ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்கு நகர்கிறது. அப்பா மசேநிப் பணத்தில் அந்த வீட்டை வாங்கியிருந்தால் எடுத்த தொகையும் வட்டியும் அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டிய பேச்சும் வரும். "பெயரில் கொஞ்சம் பங்கு மட்டும்" என்பதும் வழி ஆகாது. பங்கு வைத்திருப்பவர் கணக்கில் அது ஒரு வீடாகவே எண்ணப்படும்.

சொத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது தனிப் பேச்சு. அதற்கு உயில் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். வரிக்காகப் பெயர் மாற்றாதீர்கள்.

---

காலாங் 68:

பொங்கோலுக்கு வருவதால் ஒரு நன்மையும் உண்டு. அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

பொருள், சேவை வரிப் பற்றுச்சீட்டு (அந்த வரியின் சுமையைக் குறைக்க அரசாங்கம் தரும் உதவி) தரும் ரொக்கம் அடையாள அட்டையில் உள்ள முகவரி வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்த்து வருவது. சொந்த வீடா, பிள்ளை வீடா என்பது அதற்கு முக்கியமில்லை. 2025இல் 21,000 வரை உள்ள வீட்டில் இருப்பவருக்கு 850 வெள்ளி, 21,001 முதல் 31,000 வரை 450 வெள்ளி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கணிப்புக்குரிய வருமானம் (வருமான வரிக்குக் கணக்கில் எடுக்கும் ஆண்டு வருமானம்) 39,000க்குள் இருக்க வேண்டும், ஒன்றுக்கு மேல் வீடு இருக்கக் கூடாது. அப்பா இப்போது இருப்பது 45,000 வீடு, ஆகவே இருவருக்கும் சுழி. உங்கள் வீவக வீட்டுக்கு முகவரி மாறினால் அதன் மதிப்பு 21,000க்குள் இருக்கும். அப்பாவுக்கு அந்த ஒரு வீடு மட்டும்தானே? அப்படியானால் 850 வீதம் இருவருக்கும் 1,700 வரை வரலாம். ஆனால் எந்தத் தேதி மதிப்பு என்பதைக் கவனியுங்கள். முந்தைய ஆண்டு டிசம்பர் 31இல் இருந்த மதிப்புதான் எடுத்துக்கொள்ளப்படும்.

தலைகீழாகவும் இதே கதைதான். வீவக வீட்டில் இருக்கும் பெற்றோரைத் தரைவீட்டில் இருக்கும் மகன் தன்னோடு அழைத்துக்கொண்டு முகவரியை மாற்றினால், இத்தனை நாள் வந்த பற்றுச்சீட்டு நின்றுபோகும். "நேற்று வரை வந்தது, இன்று ஏன் வரவில்லை" என்று சமூக மன்றத்தில் வரிசையில் நிற்பவர்களில் சிலருக்குக் காரணம் இந்த முகவரி மாற்றம்தான். மெடிசேவில் (மசேநியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில்) போடும் மூத்தோர் பற்றுச்சீட்டு உட்பட இன்னும் பல உதவிகளுக்கும் ஆண்டு மதிப்பே அளவுகோல்.

இதற்காகப் பொய் முகவரி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீடு மாறினால் 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். முடிவு எடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பாருங்கள் என்கிறேன்.

---

தேக்கா மணி:

காலாங் அண்ணே சொன்னது சரி. ஆனாலும் 1,700 வரவு, 5,393 கூடுதல் செலவு. வீட்டைச் சும்மா பூட்டிப் போட்டால் நஷ்டம்தான். போவதாக இருந்தால் முழுதாக வாடகைக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். போகாமல் இருப்பதாக இருந்தால் ஓர் அறையை விடலாம். அப்பா அங்கேயே குடியிருந்துகொண்டு அறையை வாடகைக்கு விட்டால் குடியிருப்பு விகிதம் போகாது.

---

கணக்குப்பிள்ளை:

மணி சொன்ன இரண்டுக்கும் கணக்கு.

அறை வாடகை: மாதம் 1,200 என்றால் ஆண்டுக்கு 14,400. வாடகை வருமானத்தில் 15% செலவாகக் கழித்துக்கொள்ளலாம், ரசீது கேட்க மாட்டார்கள். கழிவு 2,160, மீதி 12,240. வேறு வரிக்குரிய வருமானம் இல்லாதவருக்கு முதல் 20,000க்கு வருமான வரி சுழி. சொத்து வரி அதே 1,420தான். ஆக, ஓர் அறை வாடகையில் ஒன்றேகால் மாதத்திலேயே ஆண்டுச் சொத்து வரி வந்துவிடுகிறது. தனியார் வீட்டில் ஒரு வாடகைக்காரர் குறைந்தது 3 மாதம் தங்க வேண்டும், அதற்குக் குறைந்த காலத்துக்கு விடுவது குற்றம். ஓர் அறையில் சாமான்களைப் பூட்டி வைத்துவிட்டு, தான் வேறு வீட்டில் இருந்துகொண்டு மற்றதை விட்டால் அது "அறை வாடகை" ஆகாது. முழு வாடகைதான். இந்தப் பூட்டிய அறைத் தந்திரத்தை ஆணையம் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும்.

முழு வாடகை: ஆண்டு மதிப்பே 45,000 என்பதால் மாதம் 3,750 வருகிறது என்று கொள்வோம். 15% கழிவு 6,750. கணிப்புக்குரிய வருமானம் 38,250. தனிப்பட்ட கழிவு எதுவும் எடுக்காமலே வருமான வரி: முதல் 30,000க்கு 200, மீதி 8,250க்கு 3.5% என்று 288 வெள்ளி 75 காசு. மொத்தம் 489க்குள். சொத்து வரி 6,600. இரண்டும் போக 37,900க்கு மேல் கையில் நிற்கும். அதிலிருந்து பழுதுபார்ப்பு, முகவர் தரகு, தீக்காப்புறுதி எல்லாம் போகும்.

15% கழிவை எடுத்தால் சொத்து வரியைத் தனியாகக் கழிக்க முடியாது, அடமானக் கடன் வட்டியை மட்டும் கழிக்கலாம். சொத்து வரி 6,600, பழுது 3,000, தரகு ஒரு மாத வாடகை என்று உண்மைச் செலவு 6,750ஐத் தாண்டிவிட்டால் ரசீது வைத்து உண்மைச் செலவையே காட்டுங்கள். பழைய வீட்டில் எப்படியும் தாண்டும். இன்னொரு சுவாரசியம்: 38,250 என்பது பற்றுச்சீட்டு வரம்பான 39,000க்கு 750 வெள்ளிதான் கீழே. வாடகை மாதம் 100 வெள்ளி ஏறினாலே 15% கழிவுக் கணக்கில் அப்பாவின் 850 போய்விடும். அம்மாவுக்கு வரிக்குரிய வருமானம் இல்லை, அவருடையது தொடர்ந்து வரும்.

---

நியூட்டன்காரர்:

இவ்வளவு பேசிவிட்டு ஆண்டு மதிப்பையே கேள்வி கேட்காமல் விடுவது நியாயமில்லை. 45,000 சரியான எண்தானா?

ஆண்டு மதிப்பு என்பது அந்த வீட்டை அப்படியே வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. தட்டுமுட்டுச் சாமான், பராமரிப்புக் கட்டணம் இதில் சேராது. பக்கத்து வாடகைகளைப் பார்த்துப் போடுவார்கள். விற்பனை விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆகவே ஆட்சேபம் எழுதும்போது "என் வருமானம் குறைவு", "நாங்கள் வாடகைக்கு விடவே இல்லை", "இரண்டு பேரும் வயதானவர்கள்" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை.  வாடகைக்கு வாடகையால்தான் பதில் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது இது. நகர மறுசீரமைப்பு ஆணைய இணையத்தளத்தில் தனியார் வீடுகளின் வாடகை ஒப்பந்தங்கள் உள்ளன. உங்கள் தெருவையும் அடுத்த தெருக்களையும் எடுத்து, அதே வகை, ஏறக்குறைய அதே பரப்பு உள்ள வரிசை வீடுகளைப் பொறுக்குங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டரை மாடி, மூன்று மாடியாக எடுத்துக் கட்டியவை அதிகம். அவற்றின் வாடகை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. மாடி இல்லாத பழைய வீடுகளின் வாடகை மாதம் 3,500 என்று மூன்று நான்கு ஒப்பந்தங்கள் காட்டினால், 42,000 கேட்க அடிப்படை கிடைக்கிறது. பழைய தரை, பழைய குளியலறை, நீர்க்கசிவு தெரியும் கூரை என்று படங்களையும் சேருங்கள். சாமான்களோடு விட்ட வீட்டின் வாடகையாக இருந்தால் சாமானுக்கான பங்கு கழிய வேண்டும் என்று குறிப்பிடுங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் மைடேக்ஸ் போர்ட்டல் என்ற இணையச் சேவையில் ஆட்சேபத்துக்கென்றே சேவை உண்டு. நீங்கள் சரியென்று கருதும் மதிப்பையும் காரணத்தையும் எழுத வேண்டும். வெறுமனே "அதிகம்" என்று எழுதினால் போதாது.

மதிப்பீட்டு அறிவிப்பு வந்திருந்தால் அதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள். மதிப்பீட்டுப் பட்டியலில் உள்ள மதிப்புக்கு எதிராக என்றால் ஆண்டின் எந்த நாளிலும் போடலாம். முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் நடுவில் வரியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்சேபம் போட்டிருக்கிறேன் என்று கட்டாமல் விட்டால் 5% அபராதம் அப்படியே விழும். ஜெயித்தால் அதிகம் கட்டியது திரும்பி வரும்.

உள்ளபடி சொன்னால், 45,000 இலிருந்து 42,000 ஆனால் குடியிருப்பு விகிதத்தில் மிச்சம் 3,000 x 6% = 180 வெள்ளி, 15% தள்ளுபடிக்குப் பின் 153. முழு வாடகைக்கு விட்ட வீடானால் அதே 3,000க்கு 20% விகிதத்தில் 600. 31,000ஐ ஒட்டி மதிப்பு உள்ள கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஆட்சேபத்தின் பலன் இன்னும் அதிகம். 31,800 என்பது 31,000 ஆனால் வரியில் 32 வெள்ளிதான் குறையும், ஆனால் வீட்டில் இருக்கும் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் 450 வெள்ளிப் பற்றுச்சீட்டு திறக்கும்.

---

பொங்கோல் வாணி:

எல்லாருக்கும் நன்றி. பெயர் மாற்றம் வேண்டாம் என்று தம்பிக்கு 7,19,600 என்ற எண்ணை மட்டும் அனுப்பினேன், அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. இப்போதைக்கு அப்பா அம்மா அங்கேயே இருக்கட்டும், குளியலறையில் கைப்பிடிகள் போடுகிறோம், பின் அறையை வாடகைக்கு விட முடியுமா என்று பார்க்கிறோம். கடைசியாக ஒன்று: அடுத்த பில்லில் ஜைரோ பதியும் வரை நானே என் வங்கிக் கணக்கிலிருந்து கட்டலாமா? அப்பாவுக்கு சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) தடுமாற்றம்.

---

தேக்கா மணி:

கட்டலாம். இணைய வங்கியில் பில் கட்டும் பகுதியில் "சொத்து வரி" என்று தனியாக இருக்கும், அதைத் தேர்வு செய்யுங்கள். எண் கேட்கும் இடத்தில் பில்லில் அச்சிட்ட சொத்து வரி ரெஃபரன்ஸ் எண்ணைப் போட வேண்டும். அப்பாவின் அடையாள அட்டை எண்ணைப் போடாதீர்கள். அது வருமான வரிக்கான எண். அங்கே பணம் போய் உட்கார்ந்துகொண்டால் சொத்து வரி கட்டாததாகவே காட்டும், நீங்கள் எழுதி மாற்றச் சொல்லி அலைய வேண்டும். பில் கட்டும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்திலும் இதே கவனம் வேண்டும்.

சிங்பாஸ் கடவுச்சொல்லுக்குச் சில சமூக மன்றங்களில் முகப்பு இருக்கிறது. அப்பாவை அடையாள அட்டையோடு அழைத்துப் போங்கள். ஜனவரி கடைசி வாரத்தில் போகாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை:

வாணி, அறை வாடகைக்கு ஒப்பந்தம் எழுதும்போது வீட்டு முகவரியை மட்டும் எழுதி விட்டுவிடாமல் "பின்புற அறை ஒன்று, சமையலறை, குளியலறை பொதுப் பயன்பாடு, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்கிறார்" என்று தெளிவாகப் போடுங்கள். அந்த ஒப்பந்தத்துக்கும் முத்திரைத் தீர்வை உண்டு, வழக்கமாக வாடகைக்காரர் கட்டுவார். முத்திரை போடும்போது ஒப்பந்த விவரம் ஆணையத்துக்குப் போகும். முழு வீடு என்று பதிவாகிவிட்டால் குடியிருப்பு விகிதம் குறித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அப்புறம் அறைதான் என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.